வளர்ச்சி இல்லை

கலைப்பீடத்தில் மூன்று வருடமாக 'கல்ச்சர்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குச் சரியான தமிழ் பண்பாடா, கலாசாரமா என்று ஒரு விரிவுரை நேரம் முழுக்கச் சண்டை பிடித்த ஆட்கள் நாங்கள். அதே சொல்லுக்கு ஆஸ்பத்திரியில் வேறொரு தொழில் இருக்கிறது. அங்கே கல்ச்சர் என்றால் மூடி போட்ட ஒரு சின்ன வட்டத் தட்டு. அதற்குள் ஜெலி மாதிரி ஒரு சாப்பாடு, கிருமிகளுக்கு. புண்ணில் இருந்து எடுத்ததை அதில் தடவி, இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்ப்பார்கள். முளைத்தால் றிப்போட்டில் ஒரு பெயர் வரும். முளைக்காவிட்டால் ஆங்கிலத்தில் இரண்டு சொல் வரும். தமிழில் சொன்னால், வளர்ச்சி இல்லை.

என்னுடைய அப்பப்பாவுக்கு அந்த இரண்டு சொல்லும் மூன்று தரம் வந்தது.

அவருக்கு 74 வயது. தோட்டக்காரர். வெங்காயம், புகையிலை, பிறகு மிளகாய் என்று ஆயுள் முழுக்கச் செம்மண்ணில் நின்றவர். போன வருடம் தை மாதம், மோட்டரைப் போடப் போனவர் கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 34. இதயத்தின் மேலறையில் இருந்து கீழறைக்குப் போகிற மின் செய்தி முழுதாக அறுந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. இடது காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி, சட்டைப் பை மாதிரி ஒரு இடம் செய்து, ஏறக்குறைய நெருப்புப்பெட்டி அளவில் ஒரு உலோகப் பெட்டியை அதற்குள் வைப்பார்கள். அதிலிருந்து கம்பிகள் நாளத்துக்குள்ளால் இதயத்துக்குப் போகும். ஒரு கிழமையில் அப்பப்பா வீட்டில் இருந்து மாமியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சுகமாகிவிட்டார் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அத்தாட்சி.

இந்தப் பெட்டி ஏன் உடம்புக்கு உள்ளே இருக்கிறது? அந்தக் கதையே கிருமியில்தான் தொடங்குகிறது. 1950களில் பேஸ்மேக்கர் வெளியே இருந்தது. சுவர் மின்சாரத்தில் ஓடுகிற பெரிய பெட்டி. 1957இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஏர்ல் பாக்கன் என்பவர் பற்றரியில் ஓடுகிற, கழுத்தில் மாட்டக்கூடிய சின்னப் பெட்டி ஒன்றைச் செய்தார். நோயாளி கட்டிலை விட்டு எழும்பி நடக்கலாம். ஆனால் கம்பி நெஞ்சுத் தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகவேண்டும். தோலில் ஒரு துளை நிரந்தரமாகத் திறந்து கிடந்தால் கிருமிக்கு அது கேற்றைத் திறந்து வைத்த வீடு. கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும். சுவீடனில் ஓகே சென்னிங் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அதனால்தான் முழுச் சாமானையும் தோலுக்குள் தள்ள நினைத்தார். ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியியலாளர் செய்து கொடுத்தார். சப்பாத்துப் பொலிஷ் ரின் ஒன்றை அச்சாக வைத்து, பிசின் ஊற்றி வார்த்த பெட்டி அது. 1958 ஒக்ரோபர் 8ஆம் திகதி ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்கு வைத்தார்கள். அவருடைய மனைவி விடாமல் போய்க் கேட்டுக் கேட்டுத்தான் அது நடந்தது. முதல் பெட்டி சில மணித்தியாலங்களில் நின்றுவிட்டது. ஆனால் லார்சன் நிற்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றி மாற்றி, செய்தவரும் வைத்தவரும் செத்த பிறகும் இருந்து, 2001இல் 86 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

ஆக, கிருமிக்குப் பயந்து உள்ளே போன சாமான் இது. கிருமி அதோடு நின்றுவிடவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அப்பப்பாவின் பை இருந்த இடம் சிவந்தது. காய்ச்சல் இல்லை. நோவும் பெரிதாக இல்லை. சட்டை உரசினால் சுள் என்று ஒரு எரிச்சல், அவ்வளவுதான். "உது சட்டை பட்டுச் சிவந்தது" என்று இரண்டு கிழமை கடத்தினார். பிறகு வீங்கியது. பிறகு தையல் ஆறிய தழும்பின் ஓரத்தில் ஒரு ஊசித் துளை, அதிலிருந்து தெளிந்த கஞ்சி மாதிரி ஒரு தண்ணி.

பேஸ்மேக்கர் வைத்தவர்களில் 100 பேருக்கு ஒன்றிரண்டு பேருக்கு இப்படிக் கிருமி பிடிக்கும். பெரும்பாலும் அது ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. நம் எல்லோருடைய தோலிலும் மூக்கிலும் இருக்கிற, வேறு நேரத்தில் சோலி சுரட்டு இல்லாத கிருமி. இதயக் கருவிகளில் வருகிற தொற்றுக்களில் பாதிக்கு மேல் இவைதான். வைத்தியர்கள் முதலில் இதை நினைத்து மருந்து தொடங்குவது அதனால்தான். அப்பப்பாவுக்கும் அப்படித்தான் தொடங்கினார்கள். பஞ்சுக்குச்சியால் தண்ணியைத் தொட்டு கல்ச்சருக்கு அனுப்பினார்கள். வளர்ச்சி இல்லை. குளிசை முடிந்ததும் சிவப்புக் குறைந்த மாதிரி இருந்தது. பத்து நாளில் திரும்ப வந்தது. இரண்டாவது கல்ச்சர். வளர்ச்சி இல்லை. வேறு குளிசை. திரும்ப வந்தது.

றிப்போட்டை வாசித்துச் சொல்கிற வேலை வீட்டில் எனக்கு. கம்பஸில் படிக்கிற பிள்ளை, இங்கிலீஷ் தெரியும் என்பதுதான் தகுதி.

"என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?"

"ஒண்டும் வளரேல்லையாம் அப்பப்பா."

"அப்ப நல்லம்தானே?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில்? 'கிருமி இல்லை' என்பதும் 'கிருமி முளைக்கவில்லை' என்பதும் ஒன்றல்ல. ஆனால் வெள்ளைத் தாளில், சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு வந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மாமி அந்தத் தாளைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நேத்திக்கு மோதகம் அவித்தார்.

மருத்துவபீடத்தில் படிக்கிற என்னுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம்தான் முதலில் கேட்டேன், மருந்து போட்டால் மாறுவதும் நிற்பாட்டினால் வருவதும் என்ன விளையாட்டு என்று. அவள் சொன்னது இதுதான். உங்கள் வீட்டு வாளியை ஒரு கிழமை கழுவாமல் விட்டால் உட்பக்கத்தில் கைக்கு வழுவழு என்று ஒன்று படியும் இல்லையா? தண்ணியை ஊற்றினால் போகாது, தேங்காய்த் தும்பால் உரஞ்சவேண்டும். அந்த வழுவழுப்பு வெறும் அழுக்கு இல்லை. அது பற்றீரியாக்கள் தங்களைச் சுற்றிக் கட்டின வீடு. பல்லில் படிகிற மஞ்சளும் அந்தச் சாதிதான். உயிருள்ள சதையில் இரத்தம் ஓடும், இரத்தத்தோடு நோயெதிர்ப்புக் கலங்களும் மருந்தும் வரும். உலோகத்திலும் பிளாஸ்ரிக்கிலும் இரத்தம் ஓடாது. அங்கே போய் ஒட்டிக்கொண்ட கிருமி பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, அதற்குள் மெதுவாக, அரைத் தூக்கத்தில் வாழும். அன்ரிபயோட்டிக் பெரும்பாலும் சுறுசுறுப்பாகப் பெருகுகிற கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். வெளியே நீந்தித் திரிகிறவை சாகும், ஆள் சுகப்பட்ட மாதிரி இருக்கும். மருந்து நின்றதும் வீட்டுக்குள் இருந்தவை வெளியே வரும்.

இந்த விசயம் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்ததே ஒரு பேஸ்மேக்கர் கம்பியால்தான் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். 1982இல் கனடாவில் மாரி, நெலிகன், கொஸ்ரர்ட்டன் என்ற மூன்று பேர் ஒரு கட்டுரை போட்டார்கள். ஒரு நோயாளிக்கு இரத்தத்தில் திரும்பத் திரும்ப ஸ்டஃபிலோகொக்கஸ் வந்துகொண்டே இருந்தது. மருந்துக்கு அடங்கும், பிறகு வரும். கடைசியில் பேஸ்மேக்கர் கம்பியைக் கழற்றி இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். கம்பி முழுக்கப் பசைக் கூடு, அதற்குள் கிருமிக் கூட்டம். ஓடைக் கற்களில் இருக்கிற பாசியை ஆராய்ந்துகொண்டிருந்த கொஸ்ரர்ட்டனுக்கு அது பழகின காட்சி. அதே வாழ்க்கை ஒரு மனிதனின் நெஞ்சுக்குள்ளும் நடக்கிறது என்று அப்போதுதான் கண்ணால் கண்டார்கள்.

அதனால் இதயக் கருவியில் கிருமி பிடித்தது உறுதி என்றால் வைத்தியம் ஒன்றுதான். முழுவதையும் கழற்ற வேண்டும். பெட்டி, கம்பி, எல்லாம். குளிசையால் கழுவ முடியாது. எங்களுக்கும் இதை ஒரு வைத்தியர் சொன்னார். ஆனால் உறுதி எங்கே? மூன்றாவது கல்ச்சரும் வளர்ச்சி இல்லை என்றே வந்தது. இதயம் சொந்தமாகத் துடிக்காத ஒரு 74 வயது மனிதரின் நெஞ்சில் இருந்து அதைத் துடிக்க வைக்கிற சாமானைக் கழற்றுவது சின்ன வேலையா? பெயர் இல்லாத ஒன்றுக்காக அதைச் செய்ய ஆருக்கும் கை வராது. கொழும்புக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.

இரவு பஸ். அப்பாவும் நானும் அப்பப்பாவும். வவுனியா தாண்டும்வரை அவர் நித்திரை கொள்ளவில்லை. நெஞ்சில் ஒட்டியிருந்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பில் ஒரு நுண்ணுயிரியல் வைத்தியர் வந்து கட்டிலடியில் நின்றார். கட்டிலடிக்கு வருகிற நுண்ணுயிரியல் வைத்தியரை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அவர்கள் எல்லோரும் நிலக்கீழ் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார்கள் என்று ஒரு எண்ணம். அவர் பழைய றிப்போட்டுகளைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சிங்களத்தில் கேட்டார், தட்டுக்களை எத்தனை நாள் வைத்துப் பார்த்தார்கள் என்று. அப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. எனக்கும்தான். அவரே சொன்னார். சாதாரணமாகப் புண்ணில் இருந்து எடுக்கிற கல்ச்சரை இரண்டு நாள் வைத்திருப்பார்கள். வழக்கமான கிருமிகளுக்கு ஒரு இரவே போதும். இரண்டு நாளில் ஒன்றும் வராவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதித் தட்டை எறிந்துவிடுவார்கள். இது ஒருவரின் கவலையீனம் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தட்டு வருகிற இடத்தில் எல்லாவற்றையும் ஒரு மாதம் வைத்திருக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை.

அவர் இந்த முறை பஞ்சுக்குச்சியை நம்பவில்லை. பையின் உட்புறச் சதையில் ஒரு துண்டு எடுக்கச் சொன்னார். அமிலத்தால் கழுவினாலும் நிறம் போகாத கிருமிக்கென்று ஒரு சாயம் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். தட்டுக்களை எறியவேண்டாம் என்றார்.

ஐந்தாம் நாள் முளைத்தது.

இங்கே ஒரு பகிடி. முளைத்த கிருமி 'வேகமாக வளரும்' வகையாம். ஒரு கிழமைக்குள் முளைத்தால் வேகம். ஏனென்றால் அதன் குடும்பத்தில் மூத்த அண்ணனுக்கு மூன்று, நாலு கிழமை, சிலவேளை அதற்கும் மேல் வேண்டும். அந்த அண்ணனின் பெயர் உங்களுக்குத் தெரியும். சயரோகம், ரீ.பி.

றிப்போட்டில் மைக்கோபற்றீரியம் என்று ஒரு சொல்லை அப்பா படம் எடுத்து வீட்டு வட்ஸ்அப் குறூப்பில் போட்டார். லண்டனில் இருக்கிற சித்தப்பா கூகிளில் தேடினார். அரை மணித்தியாலத்தில் ஊர் முழுக்க அப்பப்பாவுக்கு ரீ.பி. மாமி அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தார். பக்கத்து வீட்டு அன்ரி தன் பேரனை எங்கள் முற்றத்துக்கு விளையாட விடவில்லை. எங்கள் ஊரில் ரீ.பி. என்பது ஒரு நோய் இல்லை, ஒரு ஒழுக்கச் சான்றிதழ். யுத்த காலத்து முகாம்களில் அதைக் கண்ட சனம். பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கிருமி ஆளுக்கு ஆள் இருமலால் தொற்றுவதில்லை. அது மண்ணிலும் தண்ணியிலும் இருக்கிறது, குழாய்த் தண்ணியிலும்கூட. ரீ.பி.க்குக் கொடுக்கிற வழக்கமான மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. குடும்பப் பெயர்தான் ஒன்று, குணம் வேறு. இதைத் தமிழில் ஒரு குரல் பதிவாகச் சொல்லி அதே குறூப்பில் போட்டேன். நான் இந்தப் பட்டப்படிப்பில் செய்த ஆகப் பிரயோசனமான மொழிபெயர்ப்பு அதுதான். கோப்பை இரண்டு நாளில் பழைய இடத்துக்கு வந்தது. பேரன் வர இன்னும் கொஞ்சம் நாள் எடுத்தது.

முழுப் பெயர் மைக்கோபற்றீரியம் ஃபோர்ச்சுயிட்டம். லத்தீனில் 'தற்செயலானது' என்று பொருள். 1938இல் டா கொஸ்தா குரூஸ் என்ற பிரேசில்காரர் வைத்த பெயர். இதற்கு நெருங்கின சொந்தக்காரன் ஒன்றை 1903இல் கடலாமையில் இருந்து பிரித்தெடுத்தார்கள், அதன் பெயரிலேயே ஆமை இருக்கிறது. ஆமை, மண், தண்ணி என்று தன்பாட்டில் இருக்கிற உயிர்கள். காயம் ஒன்று, அதற்குள் ஒட்டிக்கொள்ள ஒரு அந்நியப் பொருள் ஒன்று கிடைத்தால்தான் இவற்றுக்கு மனித உடம்பில் வேலை. எங்கேயிருந்து வந்தது என்று ஆராலும் சொல்ல முடியவில்லை. "தையல் வெட்ட முதல் கிணத்தில குளிக்காதேங்கோ எண்டு சொன்னனான்" என்றார் மாமி. "நான் குளிக்கேல்ல, கால்தான் கழுவினனான்" என்றார் அப்பப்பா. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாட்களில் இப்படியான கதைகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வைத்திய சஞ்சிகைகளில் ஒரு வகை எழுத்து உண்டு. ஒரேயொரு நோயாளியைப் பற்றிய சின்னக் கட்டுரை. இலக்கிய மாணவி என்ற முறையில் சொல்கிறேன், அது சிறுகதையின் ஒன்றுவிட்ட சகோதரி. எப்போதும் ஒரே மாதிரித் தொடங்கும்: இத்தனை வயது ஆண், இன்ன தொழில், இத்தனை நாளாக வீக்கம். பெயர் இருக்காது. பூனை பிறாண்டிய காயத்தால் பாஸ்ரரெல்லா என்ற கிருமி பேஸ்மேக்கர் வரைக்கும் போன கதை இருக்கிறது. காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் ஆடு மாடுகளோடு பழகுவதாலும் வருகிற புருசெல்லா கருவியில் குடியேறின கதை இருக்கிறது. முகப்பருவில் இருக்கிற ஒரு சோம்பேறிக் கிருமி மாதக் கணக்கில், வருடக் கணக்கில்கூடச் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வெளியே வந்த கதைகளும் இருக்கின்றன. நோயாளியின் மனைவி என்ன சொன்னாள், தேத்தண்ணிக் கோப்பை எங்கே போனது என்பது மட்டும் எதிலும் இல்லை. ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் ஒரு சொல் தவறாமல் வரும்: அரிது.

எனக்கு அந்தச் சொல்லில்தான் சந்தேகம் வந்தது. அப்பப்பாவின் தட்டு மூன்று தரமும் இரண்டாம் நாள் குப்பைக்குப் போயிருந்தது. நாலாவது தட்டை ஒருவர் எறியவேண்டாம் என்று சொன்னதால் அவர் ஒரு 'அரிய' நோயாளி ஆனார். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் எந்தக் கணக்கிலும் இல்லை. கிருமி இல்லாத ஒரு வயதானவர், பிறகு ஒருநாள் செத்துப்போனவர்.

இலங்கையில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய். வயல் சேற்றில் இருக்கிற கிருமியால் வருவது, மழைக் காலத்தில் கூடும், கவனிக்காவிட்டால் ஆளைக் கொல்லும். இலங்கையில் இருந்து முதல் அறிக்கை 1927இல் வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். இங்கே அரிது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வுகூடத்தில் அது முளைத்தாலும் வேறு சாதாரணக் கிருமி என்று பிழையாகப் பெயர் எழுதப்படும், அல்லது ஊத்தை விழுந்த தட்டு என்று எறியப்படும். 2006க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர்கள் அதைத் தேடத் தொடங்கினார்கள். தீவு முழுக்க இருந்து வந்தது. நூற்றுக்கணக்கில். கிருமி 2006இல் கப்பலில் வந்து இறங்கவில்லை. விவசாயியும் சேறும் முதலே இங்கேதான் இருந்தவை.

எல்லா அரிய நோயும் இப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. பேஸ்மேக்கரில் மைக்கோபற்றீரியம் உண்மையிலேயே குறைவாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு குறைவு என்று கேட்டால், பதில் கிருமியிடம் மட்டும் இல்லை. ஐந்து நாள் தட்டை வைத்திருக்க வசதி இருக்கிற ஊர்களின் கணக்கு அது. அந்த வசதி கொழும்பில் இருக்கிறது என்பதற்காக எங்கள் தாத்தாமார் எல்லோரும் இரவு பஸ் ஏறவேண்டுமா என்பது என்னுடைய கேள்வி. சாயம் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நுணுக்குக்காட்டியும் பழகின கண்ணும் போதும். ரீ.பி. தேடுகிற எல்லா இடத்திலும் அது இருக்கிறது. ஒரு தட்டின் மேல் "எறிய வேண்டாம், ஏழு நாள்" என்று எழுதி ஒட்டுவதற்குச் செலவே இல்லை. கேட்கவேண்டும் என்று ஆருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் ஆருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் நீங்களும் இதைக் கேட்கலாம். பை இருக்கிற இடம் சிவந்தாலோ, சூடாக இருந்தாலோ, தோல் மெல்லிசாகிப் பெட்டியின் விளிம்பு தெரிந்தாலோ பார்மசியில் குளிசை வாங்கிப் போடாமல் கிளினிக்குக்குப் போங்கள். மருந்து தொடங்கிவிட்டால் பிறகு எடுக்கிற கல்ச்சரில் கிருமி ஒளித்துக்கொள்ளும். வீக்கத்துக்குள் ஊசி குத்தித் தண்ணி எடுக்க ஆரையும் விடாதீர்கள். சுத்தமாக இருந்த பைக்கு அந்த ஊசியே கிருமியைக் கொண்டுபோகும்.

பெயர் கிடைத்ததும் எல்லாம் கெதியாக நடந்தது. கழற்றினார்கள். ஆறு மாதத்துக்குள் என்பதால் கம்பிகள் இழுத்ததும் வந்துவிட்டன. பத்து வருடக் கம்பி என்றால் நாளத்தோடும் இதயத்தோடும் தழும்பு பிடித்து ஒட்டியிருக்கும், லேசர் பூட்டின குழாயால் வெட்டி வெட்டி எடுக்கவேண்டி வரலாம், நாளம் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த அளவில் அப்பப்பாவுக்கு அதிர்ஷ்டம். ஆனால் அவருடைய இதயம் சும்மா இருக்காதே. கழுத்து நாளத்துக்குள்ளால் ஒரு தற்காலிகக் கம்பி விட்டு, கட்டிலடியில் இருந்த பெட்டியில் பூட்டினார்கள். தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பி, வெளியே ஒரு பெட்டி. 1957க்குத் திரும்பிப் போனது மாதிரி. அப்பப்பா அந்தப் பெட்டியில் மின்னுகிற லைற்றையே பார்த்துக்கொண்டு கிடப்பார். "உது நிண்டால் நானும் நிப்பன் என்ன?" என்று ஒருநாள் கேட்டார். அப்பா வெளியே போய்விட்டார். நான் ஓம் என்றேன். "அப்ப ஆரும் வயர் தடக்கி விழாதேங்கோ" என்றார்.

சில நாள் கழித்து, பழைய இடம் சுத்தமானதும், வலது பக்கத்தில் புதியது வைத்தார்கள். அமிக்கசின் ஊசி ஒரு மாதம். அது காதையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதால் அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள், காதுக்கும் சோதனை. பிறகு சிப்ரோஃபுளொக்சசின், கோட்ரைமொக்சசோல் குளிசைகள் நாலு மாதம். வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல் போய் எட்டுக் கிலோ மெலிந்தார். காது முதலிலேயே கொஞ்சம் மந்தம், இப்போது இன்னும் கொஞ்சம். மாமி சொல்வது கேட்காமல் போனது ஊசியாலா, வசதிக்காகவா என்று எங்களுக்குத் தெரியாது.

கழற்றின பழைய பெட்டியை நான் பார்க்கவில்லை. கம்பி நுனிகளை வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதே கிருமி முளைத்தது. அப்பப்பாவுக்கு அந்தப் பெட்டி எங்கே போனது என்பது பெரிய கவலை. இரும்புச் சாமான் எதையும் எறியாத மனிதர். அதோடு கிளினிக்கில் ஆரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், பேஸ்மேக்கரோடு பிரேதத்தை எரிக்கக்கூடாது, பற்றரி வெடிக்கும் என்று. அது உண்மைதான். எரிக்க முதல் கழற்றவேண்டும். பெரும்பாலான செத்தவீடுகளில் இதை ஆரும் யோசிப்பதில்லை.

"என்னைக் கொண்டுபோகேக்க இதை மறக்காமல் எடுத்துப்போடுங்கோ. ஐயர் பயந்திடுவார்."

"சரி அப்பப்பா."

"எடுத்துப்போட்டு என்ன செய்வியள்?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, காத்திருந்த நாட்களில் வாசித்தது. கனடாவில் மொன்றியலில் ஒரு இதய நிறுவனம் இறந்தவர்களிடம் இருந்து கழற்றின கருவிகளைச் சுத்தம் செய்து, கிருமிநீக்கி, வாங்க வசதியில்லாத நாடுகளுக்கு அனுப்பியது. மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹொண்டுராஸ், டொமினிக்கன் குடியரசு ஆகியவற்றில் அப்படிப் பழைய கருவி பெற்ற 1,051 பேரை, கனடாவில் புதுக் கருவி வைத்த 3,153 பேரோடு ஒப்பிட்டு 2020இல் ஒரு ஆய்வு வெளியானது. இரண்டு வருடத்தில் கிருமி பிடித்தது பழையதில் 100க்கு 2 பேருக்கு, புதியதில் 1.2 பேருக்கு. புள்ளிவிபரப்படி அந்த வித்தியாசத்தை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியவில்லை. தொற்றால் ஒருவரும் சாகவில்லை.

இதைக் கொஞ்சம் சத்தமாக, இரண்டு தரம் சொன்னேன். அவர் வலது பக்க நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இது துப்பரவானதுதானே? இதில ஒண்டும் முளைக்கேல்லத்தானே?"

"முளைக்கேல்ல."

"எத்தினை நாள் வச்சுப் பாத்தவை?"